ஒன்பது பேர், பத்து நாள்: பீடோங்கிலிருந்து எந்தப் பழைய ஊருக்கு?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங்கில், மாதம் 150 வெள்ளியாக (ரிங்கிட்) இருபது மாதம் சேர்த்த கூட்டுப் பணம் இந்தத் தீபாவளியோடு நிறைகிறது. ஆளுக்கு 3,000 வெள்ளி, மொத்தம் ஒன்பது பேர். இளையவனுக்கு வயது பதினொன்று. மூத்தவரான என் அத்தைக்கு எழுபத்து நான்கு. சீனப் பெருநாள் விடுமுறையை ஒட்டி பிப்ரவரியில் பத்து நாள் இந்தியாவுக்குப் போகிறோம் என்பது வரை முடிவாகிவிட்டது. எந்தப் பக்கம் போவது என்பதை மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறோம்.

நான்கு பாதைகள் பேச்சில் இருக்கின்றன. டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், முடிந்தால் காசி என்பது ஒன்று. கர்நாடகத்தில் ஹம்பி, பாதாமி, பட்டடக்கல் இன்னொன்று. மதுரை, செட்டிநாடு, ராமேசுவரம் மூன்றாவது. தஞ்சாவூர், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம், நாகப்பட்டினம் என்று காவிரியோடு கடல் வரை போவது நான்காவது. முதலாவதும் மூன்றாவதும் நான் போய்வந்தவை. நான்காவதில் 2024-ல் மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு நாள் சுற்றினேன்.

என் கட்சி நான்காவதுதான். மண்டபத்தில் ஆளாளுக்குப் பேசியதில் காரணத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எங்களைப் போலவே கூட்டுக் கட்டிவிட்டு எங்கே போவது என்று யோசிக்கும் தோட்டத்து ஆட்கள் கூலிமிலும் பாடாங் செராயிலும் சுங்கை சிப்புட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கும் இது உதவட்டும்.

முதலில் ஆள் கணக்கு. 2016-ல் நான் வடக்கே போனது நாற்பத்து மூன்று பேருடன், ஒரே பஸ்ஸில். ஏற்பாடு செய்தவர்களின் ஆள் ஒருவர் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். தாஜ்மகாலுக்குள் நாங்கள் போகும்போது மணி நாலரை. ஒருவர் கழிவறை போனார், இரண்டு பேர் நுழைவுச்சீட்டு எங்கே என்று பையைத் துழாவினார்கள், ஒரு அக்கா கூட்டத்தில் தங்கையைத் தொலைத்துவிட்டு அழுதார். விசில் ஊதியபோது நான் அந்தப் பளிங்குச் சுவரில் பதித்த பூ ஒன்றின் காம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதழ் வரைக்கும் போகவில்லை. நாற்பத்து மூன்று பேரில் ஆளுக்கு இரண்டு நிமிடம் தாமதமானாலே ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது; அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒன்பது பேர் என்பது அருமையான எண்ணிக்கை. பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் ஒன்றில் பெட்டிகளோடு அடங்கலாம். ஐந்து அறை போதும். சாப்பாட்டுக் கடையில் இரண்டு மேசையைச் சேர்த்தால் எல்லாரும் முகம் பார்த்து உட்காரலாம். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைய திட்டத்தைக் காலையில் டீ குடிக்கும்போதே மாற்றிவிடலாம். ஆனால் இந்தச் சௌகரியமெல்லாம் ஓர் ஊரில் நாலைந்து நாள் தங்கினால்தான் கைக்குக் கிடைக்கும். தினமும் பெட்டி கட்டி ஊர் மாறினால் ஒன்பது பேரும் நாற்பத்து மூன்று பேர் மாதிரிதான் ஓட வேண்டியிருக்கும். நான்கு பாதையையும் நான் இந்த ஒரு கண்ணோடுதான் பார்க்கிறேன்: எங்கே நாம் நின்று பார்க்க முடியும்?

வடக்கு அப்படி நிற்க விடாது. டில்லியிலிருந்து ஆக்ரா 200 கிலோமீட்டருக்கு மேல், ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் இன்னும் அவ்வளவு. காசியைச் சேர்த்தால் உள்நாட்டு விமானமோ இரவு ரயிலோ தனியாக வேண்டும். பத்து நாளில் நாலு ஊர் என்றால் பாதி நாள் சாலையிலும் நிலையத்திலும் கழியும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் விமானமும் ரயிலும் மணிக்கணக்கில் தள்ளிப்போவது அங்கே வழக்கம். பிப்ரவரியில் அது குறையும், அதுவரைக்கும் நல்லது. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துத்தான் மற்ற நாட்களை அடுக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 1,100 ரூபாய், உள்ளே சமாதிக் கட்டடத்துக்குப் போக இன்னும் 200. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பையனை விட்டுவிட்டாலும், எட்டுப் பேருக்கு அந்த ஒரே இடத்தில் 10,400 ரூபாய். தாஜ்மகால் அந்தப் பணத்துக்குத் தகுந்ததுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆம்பர் கோட்டையும் அப்படித்தான். காசியிலோ குமரகுருபரர் தொடங்கிய மடமும் நகரத்தார் சத்திரமும் இன்றும் தமிழ்நாட்டு ஆட்களுக்கு வாசல் திறந்து வைத்திருக்கின்றன. அந்த ஊருக்கென்றே தனியாக ஒரு பயணம் போக வேண்டும். ஆக்ராவுக்கு ஒட்டாகக் காசியைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வடக்கை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அத்தை. அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அப்புறம் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, அறுபது வயது வரைக்கும். இங்கே பீடோங்கில் கடைப் பலகை, பஸ் பலகை, கிளினிக் பலகை எல்லாம் ரூமி எழுத்து, ஆங்கில எழுத்தில் எழுதும் மலாய். அதை அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். 2016-ல் ஜெய்ப்பூர் கடைத்தெருவில் அதுவும் இல்லை. மூன்று நாளும் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தாகம் எடுத்தால்கூட என்னிடம்தான் கேட்டார்.

2024-ல் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பார்த்தது வேறு அத்தையை. பெஞ்சில் உட்கார்ந்து வருகிற பஸ்ஸின் நெற்றியை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "திருவாரூர். மன்னார்குடி. பாபநாசம். அணைக்கரை... தம்பி, அணைக்கரை எங்கடா இருக்கு?" பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி வழி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் எந்த ஊர், எத்தனை பிள்ளை, என்ன வேலை என்று அரை மணி நேரம் பேசினார். டீக்கடையில் சர்க்கரை அதிகம் என்று அத்தை தானே போய்ச் சண்டை போட்டு வேறு டீ வாங்கி வந்தார். எழுபத்து மூன்று வயதில் ஓர் ஊரின் எல்லாப் பலகையையும் படிக்க முடிகிற சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஒன்பது பேரில் நாலு பேர் அத்தை மாதிரியானவர்கள்.

ஹம்பி, இளைய பிள்ளைகள் இரண்டு பேரின் ஆசை. படங்களில் பார்த்திருக்கிறார்கள்: துங்கபத்திரைக் கரை, யானைக் கொட்டில், கல்ரதம், 1565 போருக்குப் பிறகு பாழான விஜயநகரத் தலைநகரம். மறுக்க முடியாத அழகு. ஆனால் இங்கிருந்து பெங்களூருக்கு விமானம், அங்கிருந்து இன்னும் 340 கிலோமீட்டர். இடங்கள் பாறைகளுக்கு நடுவே பரந்து கிடக்கின்றன. வெயிலில் நடை அதிகம். முட்டி வலிக்காரர்கள் மூன்று பேரை அறையில் விட்டுவிட்டுப் போவது குழுப்பயணம் ஆகாது. பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் அவர்களாகவே போகட்டும்.

மதுரைப் பாதைதான் எனக்கு உண்மையிலேயே கஷ்டமான போட்டி. 2019 பிப்ரவரியில் ஐந்து பேராகப் போனோம். மீனாட்சி கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் எல்லாரும் படம் எடுப்பதை மறந்து கோபுரத்தைக் கண்ணால் பார்த்தோம். 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூணைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர் கை போதவில்லை.

அப்புறம் செட்டிநாடு. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதாகச் சொல்லும் வழவழப்பான சுவர். ஆத்தங்குடியில் தரை ஓடு செய்வதை மிக அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டம் ஒவ்வொன்றிலும் கரண்டியால் வண்ணச் சாந்தை ஊற்றுகிறார் அந்த அண்ணன். அச்சை ஒரே தூக்காகத் தூக்குகிறார், வண்ணம் கலைவதில்லை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊறப்போடுகிறார். கண்ணாடியைப் பிரித்தால் ஓட்டின் முகம் அந்தக் கண்ணாடி மாதிரியே மின்னுகிறது. அவ்வளவு பெரிய வீடுகள் எழும்பிய பணத்தில் பர்மா, இலங்கைப் பணத்தோடு மலாயாப் பணமும் உண்டு. நம் பட்டணங்களில் செட்டியார் வட்டிக்கடை நடத்தி, தோட்டம் வாங்கி, அனுப்பிய பணம். பினாங்குத் தைப்பூசத்தில் நாம் தேங்காய் உடைக்கும் வெள்ளி ரதம்கூடக் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்ததுதான்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஏன் இந்தப் பாதையை இரண்டாவதாக வைக்கிறேன் என்றால், ராமேசுவரம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ராமேசுவரம் போய்விட்டு 22 தீர்த்தத்திலும் குளிக்காமல் வர எங்கள் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஈரக் கல்லில், ஈரத் துணியோடு, கூட்டத்தில், கிணறு கிணறாக நடப்பது. 2019-ல் எங்களோடு வந்த மாமா அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. மிச்ச நாளெல்லாம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டுதான் சுற்றினார். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தையும் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எழுபது தாண்டியவர்கள் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போகத் துணிவில்லை. ராமேசுவரத்தை விட்டுவிட்டு மதுரை, செட்டிநாடு மட்டும் என்றால் ஐந்து நாள் நல்ல பயணம். அவ்வளவு நாள்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது காவிரிப் பக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. நான் சொல்ல வருவது அதன் அடிப்பகுதியைப் பற்றி. விமானத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் கல்வெட்டு ஓடுகிறது. யார் என்ன கொடுத்தார்கள், எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், கோயிலில் ஆடிய எந்தத் தளிச்சேரிப் பெண் எந்த வீட்டில் குடியிருந்தார் என்பது வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து என்றாலும் ட, ப, ம, ர மாதிரி சில எழுத்துகள் இன்றைய கண்ணுக்கே தட்டுப்படும். 2024-ல் அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்லைத் தொடாமல் விரலை மட்டும் அருகில் கொண்டுபோய், "இது ட தானே? இது ப" என்று தேடினார். ஒரு வரி முழுக்கத் தேடினார். எங்கள் பின்னால் விசில் ஊத யாரும் இல்லை.

அதே கோயிலில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டும் இருக்கிறது. "அலைகடல் நடுவுள் பலகலஞ் செலுத்தி" என்று அதில் ஒரு பகுதி ஆரம்பிக்கும். 1025 வாக்கில் கப்பல் படை அனுப்பி அவன் வென்ற ஊர்களின் பட்டியல் அது. அதில் வரும் கடாரம் நம் கெடா. பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் நெஞ்சு நிமிரும், எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது வேறொன்று தோன்றியது. நான் பிறந்தது ஜெராய் மலை தெரியும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கடலில் இருந்தே அடையாளம் பார்த்த மலை அது. படை கிளம்பிய ஊர்க்காரர்களின் பேரன் நான். படை வந்து இறங்கிய ஊரின் பிள்ளையும் நான்தான். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருகிறவர் அந்த வரியை ஒரு பக்கமாகத்தான் படிக்க முடியும். கெடாத் தமிழர் இரண்டு பக்கமாகவும் படிக்கலாம். நான்காவது பாதைதான் நம்முடையது என்று நான் சொல்வது இதனால்தான்.

படையெடுப்பு மட்டுமே கதை என்றால் எனக்கே இவ்வளவு ஈடுபாடு வந்திருக்காது. ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போனதால் அவற்றை லைடன் செப்பேடுகள் என்பார்கள். நம் ஊர் ராஜா அந்தக் கரையில் பள்ளி கட்டுகிறான், அந்த ஊர் ராஜா அதற்கு மானியம் எழுதுகிறான். விகாரம் இப்போது இல்லை. நாகப்பட்டினத்து மண்ணில் கிடைத்த புத்தர் வெண்கலங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கங்கைகொண்ட சோழபுரம் ராஜேந்திரன் கட்டிய தலைநகரம். கும்பகோணத்திலிருந்து 35 கிலோமீட்டர் இருக்கும். நகரம் போய்விட்டது, கோயில் நிற்கிறது. தஞ்சையில் விமானம் நேர்கோட்டில் ஏறும். இங்கே உள்வாங்கி வளைந்து ஏறும். தஞ்சையைப் பார்த்த மறுநாளே இதைப் பார்த்தால் அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல வித்தியாசம் தெரியும். கூட்டம் குறைவு, புல்தரை இருக்கிறது, பெரியவர்கள் உட்காரலாம். பக்கத்தில் மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைத் தோண்டி வைத்திருக்கிறார்கள்.

தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டியது. கருவறைச் சுவரின் அடியில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னப் பலகையாகச் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் வாராவாரம் தேவார வகுப்புக்குப் போகிறவர்கள்; குனிந்து கதை கதையாகக் கண்டுபிடிப்பார்கள். அங்கே அரை நாள் ஒதுக்காவிட்டால் என்னோடு பேசமாட்டார்கள். இந்த மூன்று கோயிலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை, தஞ்சை 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் சேர்ந்தன. பூஜை நடக்கும் கோயில்கள் என்பதால் நுழைவுக் கட்டணம் கிடையாது. மேலே ஆக்ராவுக்குச் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நாளைக்கு நல்ல வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆளாகத் தேடுங்கள்.

சுவாமிமலையில் சிற்பிகளின் பட்டறையும் உண்டு. மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகு ஓடிப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பதினொரு வயதுப் பையனுக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நாகப்பட்டினத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் வழியாகப் போக வேண்டும். அங்கே பார்ப்பதற்குப் பெரிய கட்டடம் எதுவும் இல்லை என்று மண்டபத்தில் ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் கடைசியாக மிதித்த இந்திய மண் அது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் முகாம்கள் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. அங்கே பரிசோதனை முடித்து, கப்பலில் அறை இல்லாத தட்டுப் பயணியாக ஏறி, பினாங்கு வந்ததும் நோய்த்தடுப்புக்காக ஜெரெஜாக் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டு, அப்புறம்தான் பால் மரத்துக்கடியில் வந்து நின்றார்கள். 1926-ல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அத்தையின் அப்பா வந்தது அதில்தான். அதற்கப்புறம் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நின்றுவிட்டது.

நாகூர் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தமிழ்நாட்டிலேயே மோசமாக அடித்தது நாகப்பட்டினத்தை. அதே நாள் நம் பக்கம் கோத்தா கோலா மூடா கிராமத்தையும் அடித்தது. அன்று சுங்கை பட்டாணி மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் இரண்டு பேர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். நாகைக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்கள்தான்.

சரி, எங்கே தங்குவது? தஞ்சாவூரா கும்பகோணமா? தஞ்சையில் இரண்டு இரவு போதும்: பெரிய கோயிலுக்கு ஒரு மாலை, ஒரு விடியல், அரண்மனை, கலைக்கூடத்துக்கு ஒரு பகல். மாலை வெயில் சாயும்போது விமானத்தின் நிறம் மாறுவதைப் பார்க்காமல் வரவே கூடாது. மற்றவை எல்லாவற்றுக்கும் கும்பகோணம் நடுவில் இருப்பதால் அங்கே ஐந்து இரவு. கோயில் நடை பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு அந்த நாலு மணி நேரம் வண்டிக்குள் வேகும் நேரம். தங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்பலாம். தரைத்தள அறை, உட்காரும் கழிவறை இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கோயிலுக்குள் செருப்பு கிடையாது, பதினோரு மணிக்கு மேல் கல் சுடும்; பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை.

இந்தப் பாதையில் குறை இல்லாமல் இல்லை. பள்ளி விடுமுறை என்று டிசம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழை. 2018 கஜா புயல் நவம்பரில்தான் நாகப்பட்டினத்துப் பக்கம் கரை ஏறியது. பிப்ரவரியில் மழை விட்டுச் சம்பா அறுவடை நடக்கும், பார்க்க அழகு. ஆனால் மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவதால் காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் தெரியும். கரை நிறைய ஓடும் காவிரியைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அந்தச் சமயத்தில் சும்மா சுற்றிப்பார்க்கப் போக வேண்டாம், நிற்க இடம் இருக்காது. அப்புறம், கோயில் கோயில் என்று பையன் சலித்துக்கொள்வான். அதற்காகத்தான் சுவாமிமலையோடு, ஒரு பிற்பகல் தரங்கம்பாடியையும் வைத்திருக்கிறேன்: 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் முன்னாலேயே கடல்.

கடைசி இரண்டு இரவு திருச்சி. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் உண்டு. ஆனால் அந்த இரண்டு நாளை நான் காலியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. எங்கள் ஒன்பது பேரில் நாலு குடும்பத்துக்குத் தங்கள் ஊரின் பெயர் அரைகுறையாகத் தெரியும். அத்தைக்குத் தெரிந்தது "முசிறிப் பக்கம்" என்ற ஒரு சொல்தான். முசிறி திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். தெரு தெரியாது, வீடு தெரியாது, உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இருக்கிறார்களா என்பதும் தெரியாது. போய் ஆற்றங்கரையில் இறங்கிக் காலை நனைத்துவிட்டு வந்தால் போதும் என்கிறார். டெம்போவை அன்றைக்கு அவர் பேருக்கு எழுதிவிட்டேன்.

விமானத்துக்கு இரண்டு வழி. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பீடோங்கிலிருந்து பக்கம். ஆனால் சென்னையில் இறங்கினால் தஞ்சாவூருக்கு இன்னும் ஆறேழு மணி நேரம் ரயிலோ சாலையோ. சுங்கை பட்டாணியில் ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் நேராகத் திருச்சியில் இறங்கினால் தஞ்சாவூர் ஒரு மணி நேரம்தான். இங்கே கூடுதலாகப் படும் சிரமம் பழகிய ஊரில் படும் சிரமம். அதனால் திருச்சி. இ-விசாவை ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் உட்கார்ந்து போடுவோம். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும்.

இந்த ஞாயிறு மண்டபத்தில் கை தூக்கி முடிவு செய்கிறோம். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, எந்தப் பாதைக்குக் கை தூக்குகிறவர்களானாலும் எல்லாரையும் மெர்போக் கூட்டிப்போகிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது. போகும் வழியில் சுங்கை பத்துவில் பழைய இரும்பு உருக்காலைகளைத் தோண்டிய இடம், அப்புறம் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், அதன் மேலே ஓடையோரம் புக்கிட் பத்து பஹாட் சண்டியின், அதாவது பழைய கோயிலின், கல் அடித்தளம். எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் இத்தனை வருடம் இங்கே இருந்தும் அதைப் பார்த்ததில்லை. அத்தை ஒரு முறை பார்த்திருக்கிறார், சின்ன வயதில், விறகு பொறுக்கப் போனபோது. எட்டு மணிக்கு ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டுக் கிளம்பலாம், அவர் முன் சீட்டு கேட்டிருக்கிறார்.